நாளுக்கு 1000 சொல் என்ற இலக்கு பன்னிரண்டாம் நாளில் முறிந்தது: அளவை எப்படி வைப்பது?

கேள்வி: தறிவீட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சின்னாளபட்டியில் குழித்தறி நெய்த என் தந்தையின் தலைமுறையைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது எட்டு ஆண்டுகளாக மனத்தில் இருக்கும் ஆசை. குறிப்புகளால் மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன. நாவல் என்று சொல்லத்தக்கதாக எழுதியதோ நாற்பது பக்கம்கூடத் தேறாது.

சனவரி முதல் தேதியன்று, நாளுக்கு 1000 சொற்கள் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். ஜெயமோகன் 2014இன் தொடக்கத்திலிருந்து 2020 ஜூலை வரை மகாபாரதத்தை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு 26 நாவல்களாக முடித்ததைப் பார்த்த வாசகி நான். அதனோடு ஒப்பிட்டால் 1000 சொல் என்பது வெளியில் சொல்லவே கூச்சப்பட வேண்டிய அளவு என்றுதான் அப்போது தோன்றியது. முதல் நான்கு நாள்கள் அரையாண்டு விடுமுறையின் மிச்சம் என்பதால் குறையின்றி ஓடின. பள்ளி திறந்த பிறகும் ஒரு வாரம் இரவு பதினொன்றரை வரை விழித்திருந்து எப்படியோ ஒப்பேற்றினேன். பன்னிரண்டாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல். 140 சொற்களோடு நின்றுவிட்டேன். மறுநாள் 1860 எழுதினால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். மறுநாள் போகிப் பண்டிகை. பொங்கல் முடிந்து பதினெட்டாம் தேதி காலை மடிக்கணினியைத் திறந்தபோது நான் எனக்கே 5860 சொற்கள் கடன்பட்டிருந்தேன். திறந்ததை அப்படியே மூடிவிட்டேன். இன்று மாதக் கடைசி, இன்னும் திறக்கவில்லை.

காலை 4.45க்கு எழுந்து, 7.50 பேருந்தைப் பிடித்து, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்புகிறேன். எனக்கென்று கிடைப்பது விடியற்காலையில் அரை மணி நேரமோ இரவு ஒன்பதரைக்கு மேல் கிடைக்கும் சோர்ந்த நேரமோதான். இந்த நிலையில் உள்ள ஒருவர் நாள் இலக்கை எவ்வளவு வைக்கலாம், அதைச் சொல்லில் அளப்பதா நேரத்தில் அளப்பதா, ஒரு நாள் தவறினால் அதை மறுநாள் கணக்கில் ஏற்றுவது சரியா என்ற மூன்றையும் பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். "ஆர்வம் இருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்" என்ற அறிவுரையை ஆசிரியர் அறையிலேயே போதிய அளவு கேட்டுவிட்டேன் என்பதால் அதை மட்டும் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

பதில்: இருமொழியான், கோவை

வணக்கம். நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகவும் சிறுகதையைச் சொந்த ஆசையாகவும் வைத்திருப்பவன். உங்கள் இலக்கில் உள்ள முதல் கோளாறு உங்கள் சோம்பலோ வேலைப்பளுவோ அன்று, அந்த 1000 என்ற எண்ணேதான். நாளுக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் புழங்கும் எண்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டவை. அமெரிக்காவில் 1999இல் சில நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கிய 'நாநோரைமோ' என்ற நாவல் மாதத்தில், நவம்பரின் முப்பது நாளுக்குள் 50,000 சொற்கள் என்பது பந்தயம். நாளுக்கு 1667 என்ற எண் அந்த வகுத்தலில் வந்தது. அதை நடத்திய அமைப்பு மூடப்படுவதாக 2025இல் அறிவிப்பு வந்துவிட்டது. அந்த எண் மட்டும் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தமிழில் ஒரு சொல் சுமக்கும் பாரம் வேறு. "வீட்டிலிருந்தபோது" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து சொற்கள் வேண்டும். 1000 சொற்கள் உள்ள ஆங்கிலக் கட்டுரை என் கையில் தமிழாகும்போது பெரும்பாலும் 700ஐ ஒட்டி வந்து நிற்கிறது. ஆகவே நீங்கள் தமிழில் 1000 சொல் எழுதிய பதினோரு நாளும், ஆங்கிலத்தில் எழுதுபவருடைய கணக்கில் ஏறத்தாழ 1400 சொல் எழுதியிருக்கிறீர்கள். பள்ளி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இடையில் அது சிறிய அளவன்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாளுக்கு 500 சொல் என்று நான் இலக்கு வைத்திருந்த காலத்தில், இரவு பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்து 488 என்று இருந்தால், பக்கத்தின் மேலே போய் "வந்துகொண்டிருந்தான்" என்பதை "வந்து கொண்டு இருந்தான்" என்று பிரித்துவிடுவேன். ஒரு தட்டில் இரண்டு சொல் இலாபம். ஆறேழு இடத்தில் இப்படிப் பிரித்தால் இலக்கு நிறைந்துவிடும். ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்த என் மனைவி, "இதென்ன, எல்லாச் சொல்லும் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதே" என்று கேட்டபோதுதான், நான் இலக்கியத்தை விட்டுவிட்டு இடைவெளிகளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அதன்பின் நான் செய்தது எளியது. ஒரு வாரம் இலக்கே வைக்காமல், எழுதியதை மட்டும் எண்ணிக் குறித்துக்கொண்டேன். 310, 450, 120, 280, 205, 390, ஞாயிற்றுக்கிழமை 900 என்று வந்தது. இவற்றின் சராசரியை இலக்காக வைத்தால் வாரத்தில் பாதி நாளுக்குமேல் தோற்றவனாகவே படுக்கப் போக வேண்டியிருக்கும். அதனால் எல்லாவற்றிலும் குறைந்த எண்ணை எடுத்து, சற்றே கூட்டி, 150 என்று வைத்தேன். நான்கு ஆண்டுகளாக அதுவே என் இலக்கு. கூடுதலாக எழுதும் நாள்கள் நிறைய வருகின்றன. ஆனால் அந்தக் கூடுதலை மறுநாளுக்கு வரவு வைப்பதில்லை, குறைந்ததைக் கடனாகவும் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு நாளும் வெறும் சிலேட்டோடு தொடங்குகிறது. உங்கள் 5860 சொல் கடனை இந்த நிமிடமே தள்ளுபடி செய்துவிடுங்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்பதால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

பதில்: பழைய துணையாசிரியன், சென்னை

அம்மா, நான் வார இதழ் ஒன்றில் முப்பத்தோராண்டு துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கு எல்லோரும் நாள் கணக்கைப் பற்றியே பேசுவது எனக்கு விந்தையாக இருக்கிறது. தமிழில் நாம் இன்று கொண்டாடும் பெரிய நாவல்களில் பல வாரக் கணக்கில் எழுதப்பட்டவை. கல்கி தம் சோழர் கால நாவலின் ஐந்து பாகங்களையும் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும், அதுவும் பத்திரிகை ஆசிரியர் வேலையோடு சேர்த்துத்தான் எழுதி முடித்தார். அவரை எழுத வைத்தவை அடுத்த இதழின் அச்சுத் தேதியும், அதற்காகக் காத்திருந்த வாசகர்களும்.

நான் பார்த்த தொடர்கதை ஆசிரியர்களில் நாள்தோறும் எழுதியவர்கள் மிகச் சிலர். எங்கள் அலுவலகப் பையன் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து வாசலில் நிற்பான் என்பதால் செவ்வாய் இரவு எழுதியவர்களே மிகுதி. ஒருவர் பையனைத் திண்ணையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அவன் குடித்து முடிப்பதற்குள் கடைசி இரண்டு பக்கங்களை எழுதித் தருவார். மை காயாத தாளை அவன் விசிறிக்கொண்டே சைக்கிளில் வருவான். அந்த எழுத்தெல்லாம் மட்டமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவருடைய மிகச் சிறந்த அத்தியாயங்கள் சில அந்தத் திண்ணைத் தாள்கள்தாம்.

சொல்லை எண்ணுவதில் எனக்குள்ள குறை வேறு. எண்ணத் தொடங்கிய எழுத்தாளர் ஊதத் தொடங்குவார். பாத்திரங்கள் "அப்படியா?" "ஆமாம்" "நிஜமாகவா?" என்று அரைப் பக்கம் பேசிக்கொள்வார்கள், யாருக்கும் எதுவும் நடக்காது. பத்திகளைப் பக்கக் கணக்கில் நிரப்பித் தந்தவர்களின் கைப்பிரதியை வெட்டுவதிலேயே என் பாதி வாழ்க்கை போயிற்று. தாங்கள் நாள் இலக்கை விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் நான்கு பக்கம் தருவதாக மனிதர் ஒருவரிடம் வாக்குக் கொடுங்கள். அந்த மனிதர் பாராட்ட வேண்டியதில்லை, விமர்சிக்கவும் வேண்டியதில்லை. தாளுக்காகக் கை நீட்டிக் காத்திருந்தால் போதும்.

பதில்: மோட்டார் நேரம், திருச்சி

பெரியவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் வெளியிலிருந்து வரும் கெடு, கெடு உள்ளவரைதான் வேலை செய்யும். தொடர் முடிந்ததும் எழுதுவதும் நின்றுபோன ஆசிரியர்களையும் அவர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டவர் விரும்புவது பழக்கம் என்றால், பழக்கம் எப்படி உருவாகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்; 2010ஆம் ஆண்டின் இதழில் வந்தது. மதிய உணவோடு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போன்ற ஒரு செயலை அவரவர் தேர்ந்தெடுத்து, நாளின் ஒரு குறிப்பிட்ட நிகழ்வோடு சேர்த்துச் செய்து வந்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர எடுக்கும் என்று அந்தப் பதிவுகளிலிருந்து கணக்கிட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. இடைநிலை அளவு 66 நாள். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கும் இதற்கும் வெகு தூரம். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு பக்க நாவலும் ஒன்றல்ல என்பதால் 66 என்ற எண்ணை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் அந்த ஆய்வில் நமக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு: இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை. பன்னிரண்டாம் நாளில் நின்றுபோனதால் உங்களுக்கு நேர்ந்த இழப்பு மிகச் சிறியது. அதைத் தொடர்ந்த ஐந்து நாள் கடன் கணக்குதான் கதவை மூடியது.

நேரமா சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நான் மோட்டார் ஓடும் நேரத்தில் எழுதினேன். எங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டி நிறைய இருபத்தைந்து நிமிடம் ஆகும். காலை ஐந்தரைக்கு மோட்டார் பொத்தானைப் போட்டதும் மேசையில் உட்காருவேன், தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு அக்கா "தண்ணீ போகுது!" என்று குரல் கொடுத்ததும் எழுந்து நிறுத்துவேன். கடிகாரம் பார்க்கும் வேலையே இல்லை. இரண்டு மாதம் சென்றபின், மோட்டாரின் சத்தம் கேட்டாலே கை பேனாவைத் தேடத் தொடங்கியது. இப்போது வேறு வீட்டில், தானாக நின்றுவிடும் மோட்டாரோடு இருக்கிறேன். எழுத்து கொஞ்சம் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாளா வாரமா என்ற வழக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப்பைச் சாட்சிக்கு அழைக்கலாம். 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறை ஊழியராக இருந்தவர். 47 நாவல்கள் எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேசையில் அமர்ந்து, முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டு, பின்னர் கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்ற வேகத்தில் எழுதுவார் என்ற செய்தியை மட்டும்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர் இலக்கு வைத்தது வாரத்துக்கு. சராசரியாக 40 பக்கம். சில வாரம் 20ஆகக் குறைந்தது, சில வாரம் 112 வரை ஏறியது. பக்கம் என்றால் எவ்வளவு என்று தனக்குள் ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க, பக்கத்துக்கு 250 சொல் என்றும் வரையறுத்துக்கொண்டார். ஆனால் நாட்குறிப்பில் பதிவு செய்தது நாள்தோறும். இரண்டு நாள் சும்மா இருந்தால் அந்த வெற்றுக் கட்டங்கள் அவரை முறைத்துப் பார்க்கும். பெரியவரும் இருமொழியானும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னது இந்த ஏற்பாட்டைத்தான்.

தறிவீட்டுப் பெண்

மூவருக்கும் நன்றி. டிரோலப்பைப் பற்றி இன்று தேடிப் படித்தேன். அவர் ஐந்தரைக்கு மேசைக்கு வர முடிந்ததற்குக் காரணம், அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே வயதான வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வந்தார் என்பது. எங்கள் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காப்பி கொடுக்கும் அந்த வேலையாள் நான்தான். சம்பள உயர்வு இன்னும் வரவில்லை.

ஆனாலும் மோட்டார் யோசனை பிடித்திருக்கிறது. காலையில் பாலை அடுப்பில் வைப்பதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்கிப் பார்க்கிறேன். இன்னுமொரு ஐயம்: புதிதாக எழுதாமல் பழையதைத் திருத்தும் நாளையும், அப்பாவின் நண்பர்களிடம் போய்ப் பேச்சைப் பதிவு செய்யும் நாளையும் எப்படிக் கணக்கிடுவது? சென்ற ஞாயிறன்று பாவு, அதாவது தறியின் நெடுக்கு நூல், பிணைப்பதைப் பற்றி ஒரு தாத்தாவிடம் மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் சொல் கணக்கு பூச்சியம்.

பதில்: இருமொழியான்

திருத்தும் நாளைச் சொல்லில் அளந்தால், நல்ல திருத்தம் செய்த நாளில் கணக்கு எதிர்மறையில் போகும். நான் திருத்தத்துக்கு மட்டும் நேரத்தை அளவாக வைத்திருக்கிறேன்: முப்பது நிமிடம், எத்தனை வரி வெட்டினாலும் சரி. கள வேலையை நான் எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் சேர்த்தால் வாழ்நாள் முழுவதும் தாத்தாக்களிடம் பேசிக்கொண்டே இருந்துவிடுவேன். மூன்று நோட்டு நிறைத்தவருக்கு இந்த ஆபத்து புரியும். ஆனால் அன்றே அந்தத் தாத்தா சொன்னதிலிருந்து ஐந்து வரி கதையாக எழுதிவிட்டால் அது கணக்கில் வரும்.

காலை இருபது நிமிடம் மட்டும் கிடைப்பவருக்கு இன்னொன்று. அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தமக்குத் தெரிந்திருக்கும் இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். காட்சியை முழுமையாக முடித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் இருபதில் பதினைந்து நிமிடம் வெற்றுத் திரையைப் பார்ப்பதில் போய்விடும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாலும் தவறில்லை.

பதில்: பழைய துணையாசிரியன்

டிரோலப்பை என் கட்சிச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். வாரம் என்றுதானே அவரும் சொல்லியிருக்கிறார். அம்மா, சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. தங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பக்கங்களை எனக்கு அனுப்பலாம். படித்துக் கருத்துச் சொல்ல மாட்டேன். வந்து சேர்ந்தது என்று மட்டும் எழுதுவேன். ஏழு மணிக்குள் வராவிட்டால், "பையன் வாசலில் நிற்கிறான்" என்று ஒரு வரி வரும்.

தறிவீட்டுப் பெண்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமற்போனவள் என்று நினைக்க வேண்டாம்.

இலக்கு 150 சொல், பாலை அடுப்பில் வைப்பதற்கு முன். முப்பத்தைந்து நாளில் இருபத்தாறு நாள் எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நடந்த வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போயிற்று. அந்த மூன்று கட்டங்களும் நாட்காட்டியில் வெறுமையாகத்தான் இருக்கின்றன, கடனாக எங்கும் ஏறவில்லை. நான்காம் நாள் மடிக்கணினியைத் திறப்பதில் சனவரியில் இருந்த கலக்கம் இருக்கவில்லை. ஐந்து சனிக்கிழமையில் நான்கு முறை ஏழு மணிக்குள் பக்கங்கள் போய்விட்டன. ஒரு முறை பையன் வாசலில் வந்து நின்றான்.

இதைப் பற்றி யோசித்தபோது அப்பாவின் கணக்கு நினைவுக்கு வந்தது. இரவில் சோறு போடும்போது "இன்னைக்கு எத்தனை முழம்?" என்று அம்மா கேட்பாள். அப்பா சொல்லுவார், அம்மா தலையசைப்பாள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் தறியில் உட்காரவே முடியாது; அந்த நாள்களில் அம்மா கேட்க மாட்டாள். கூலிக் கணக்கு சனிக்கிழமை சாயங்காலம், நெய்த துணிக்கு மட்டும். ஊறிய நாளின் முழத்தை மறுநாள் சேர்த்து நெய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இதை நான் நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவைத்திருக்கிறேன், அதுவும் சனவரிக்கு முன்பே.

பாவு பிணைக்கும் காட்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பழைய பாவின் இழை முனையைப் புதிய பாவின் இழை முனையோடு சாம்பல் தொட்டு முறுக்கும் இடத்தில், இருமொழியான் சொன்னபடி, இன்று காலை வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். பால் பொங்கிவிட்டது என்பதும் ஒரு காரணம்.